அழிக்காமல் திருத்துதல்



உங்கள் வீட்டில் கணினிப் பொறியியல் படிக்கிற பிள்ளை இருந்தால், அல்லது திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கு ரயிலேறிப் போகிற மகனோ மருமகளோ இருந்தால், 'கிட்' என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். நேர்முகத் தேர்வில் அதைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பிள்ளைகள் சொல்லியிருப்பார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதியதன் ஒவ்வொரு நிலையையும் பாதுகாத்து வைக்கவும், பலர் சேர்ந்து ஒரே நிரலில் வேலை செய்யவும் பயன்படுத்துகிற கருவி அது. இவ்வகைக் கருவிகளைத் தமிழில் பதிப்பு மேலாண்மை என்று சொல்லலாம். நான்கு மாதங்களாக அதைக் கற்று வருகிறேன். நரைத்த தலையோடு ஒரு போதகர் இதைக் கற்பானேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் சபை வரலாற்றுப் புத்தகமே காரணம்.

அந்தப் புத்தகத்தை ஐந்து பேர் எழுதி வருகிறார்கள் என்பதை அறிவீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை இன்னொருவர் திருத்தி, ஓராண்டுக்குள் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி', 'ஐயா பார்த்தது' என்று பதினான்கு கோப்புகள் சேர்ந்துவிட்டன. இவற்றுள் எது கடைசி என்று எவருக்கும் தெரியவில்லை. சென்ற பண்டிகைக் காலத்தில்தான் ஒன்று தெரியவந்தது. ஆரம்ப நாட்களில் வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு எழுத்தறிவித்த பைபிள் ஸ்திரீ ஒருவரைப் பற்றிய பத்தி ஆறாவது கோப்பு வரை இருக்கிறது, ஒன்பதாவதில் இல்லை. ஏழும் எட்டும் எவரிடமும் இல்லை. யார் நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள், இடம் போதாமலா, ஆதாரம் போதாமலா, வேறு காரணத்தாலா? ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அந்த அம்மையாரின் கொள்ளுப்பேத்தி நம் ஆராதனையில் மூன்றாவது வரிசையில் அமர்கிறவர்.

வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவர் அப்போதுதான், "ஐயா, இதுக்கு கிட் போதும்" என்றார். கூட்டம் முடிந்து சாயா குடித்த நேரத்திலேயே மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

கருவியின் வேலைமுறை எளியது. ஒரு கோப்புறையை கிட்டின் கண்காணிப்பில் வைக்கிறோம். அதற்குள் நாம் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அடிக்கலாம். ஒரு கட்டத்தில் இது பதிவாகட்டும் என்று தோன்றும்போது, பதிவாக வேண்டியவற்றை முதலில் எடுத்து வைக்கிறோம், அது 'ஆட்'. பிறகு பதிவு செய்கிறோம், அது 'கமிட்'. கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பொருளை மேசைக்குக் கொண்டுவருவதும், அதை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுவதும் போன்றவை இவ்விரண்டும். (கமிட்டும் கமிட்டியும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. முன்னது ஒரு விநாடியில் முடிந்துவிடுகிறது என்பது மட்டுமே எனக்குப் பட்ட வேறுபாடு.) ஒவ்வொரு கமிட்டிலும் எழுதியவர் பெயர், நாள், நேரம், இந்த மாற்றத்தைச் செய்த காரணம் ஆகியவை சேர்கின்றன. 'லாக்' என்று கேட்டால் அத்தனை பதிவுகளும் புதியதிலிருந்து பழையது வரை வரிசையாக வரும். 'டிஃப்' என்று கேட்டால் இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். நீங்கிய வரிக்கு முன் கழித்தல் குறியும், சேர்ந்த வரிக்கு முன் கூட்டல் குறியும் இருக்கும்.

ஒவ்வொரு கமிட்டிற்கும் கிட் ஓர் அடையாளக் குறியீடு இடுகிறது. எண்ணும் எழுத்துமாக நாற்பது குறிகள். அது நாம் வைக்கிற பெயரன்று. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுவது. அந்தக் கணக்கில் முந்தைய கமிட்டின் குறியீடும் அடங்கும். ஆகையால் ஒருவர் ஓசையின்றிப் பழைய பதிவு ஒன்றில் ஓர் எழுத்தை மாற்றினால், அதன் குறியீடு மாறும். அதற்குப் பின்வந்த எல்லாவற்றின் குறியீடுகளும் மாறும். புத்தகக் குழுவில் ஒவ்வொருவரிடமும் முழு வரலாற்றின் படி இருப்பதால் மாற்றம் உடனே வெளிப்பட்டுவிடும். நம் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அதில் தவறாக எழுதிய பெயரைச் சுரண்டி எடுக்கக் கூடாது. ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். அடிபட்ட பெயரும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்பதே விதி.

கிட் பிறந்த கதையும் நன்றாக இருக்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். அவர்கள் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச அனுமதி 2005-ஆம் ஆண்டில் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று புதிய கருவியை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று அந்தக் கருவி தன் சொந்த நிரலையே பாதுகாக்கத் தொடங்கிவிட்டது. ஜூலை மாதத்தில் அதன் பராமரிப்பை ஜூனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தம் வேலைக்குத் திரும்பினார். தாம் கட்டியதை நான்கு மாதத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க முடிந்திருக்கிறது. நம் சங்கங்களில் பொறுப்பு கைமாறும் வேகத்தை நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி வேறொரு வாரம் எழுதுகிறேன்.

எனக்கு எது கடினமாக இருந்தது தெரியுமா? கட்டளைகள் கடினமாக இல்லை. காரணம் எழுதுவதுதான் கடினமாக இருந்தது. 'திருத்தம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட மனம் விரும்புகிறது. தம்பி விடவில்லை. "என்ன மாத்தினீங்கன்னு டிஃப்ல தெரிஞ்சிரும் ஐயா. ஏன் மாத்தினீங்கன்னு நீங்க எழுதினாதான் தெரியும்" என்றார். இறையியல் கல்லூரியில் எனக்கு வாய்த்த பேராசிரியர்களும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அக்கல்லூரியில் தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு வரலாற்றைத் தேர்வுக்காக ஆண்டுகளோடு மனப்பாடம் செய்தோம். அது முந்நூறு ஆண்டு நீளமான ஒரு 'லாக்' என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவருடைய புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714-இலும் முழுமையும் 1715-இலும் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டை முடிக்குமுன் 1719-இல் அவர் மரித்தார். சூல்ச் அதைத் தொடர்ந்து முடித்தார். பின்பு பப்ரிசியஸ் அனைத்தையும் புதிதாக மொழிபெயர்த்தார். அடுத்து ரேனியஸ். அதன்பின் பல மிஷன்கள் இணைந்து அமைத்த குழுவில் ஹென்றி பவர் தலைமையேற்றுச் செய்த ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871-இல் முழுமையாக வெளிவந்தது. பவர் வெறுந்தாளில் தொடங்கவில்லை. பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை ஒப்பிட்டுத் திருத்தினார். நீங்கள் ஞாயிறுதோறும் கையில் எடுத்து வருவது பெரும்பாலும் அந்த மொழிபெயர்ப்பின் வழிவந்ததுதான்.

இந்த வரலாற்றில் ஒரே ஒரு சொல்லுக்கு 'டிஃப்' எடுத்துப் பாருங்கள். சிருஷ்டிகரைக் குறிக்க சீகன்பால்க் எடுத்துக்கொண்ட சொல் சருவேசுரன். பப்ரிசியஸ் அதை நீக்கிப் பராபரன் என்று எழுதினார். ஐக்கிய மொழிபெயர்ப்பில் பராபரன் நீங்கித் தேவன் வந்தது. 1936-இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பில் தேவன் நீங்கிக் கடவுள் வந்தது. கத்தோலிக்கரும் நாமும் சேர்ந்து உண்டாக்கிய 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பிலும் கடவுளே. நான்கு சொற்கள், மூன்று கழித்தல், மூன்று கூட்டல். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பண்டிதர்களும் மிஷனெரிகளும் இரவெல்லாம் வாதாடிய காரணங்கள் உண்டு. நீங்கிய சொல்லும் முற்றிலும் மறையவில்லை. நம் பழைய கீர்த்தனைகளைப் பாடும்போது பராபரன் இன்றும் நம் வாயில் வருகிறார். நம் பிள்ளைகள் அது யார் என்று கேட்கிறார்கள்.

இவற்றுள் ரேனியஸைப் பற்றி நாம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பப்ரிசியஸின் தமிழ் மூலத்துக்கு மிக நெருக்கமாய் நின்று வாசகனுக்குத் தூரமாகிவிட்டது என்பது அவர் எண்ணம். ஆகவே தாம் எந்த விதிகளின்படி மொழிபெயர்க்கிறார் என்பதை விளக்கித் தனி நூல் ஒன்று எழுதினார். அது 1827-இல் நம் நாகர்கோவில் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. ஒரு திருத்தத்திற்கான காரணக் குறிப்பு, புத்தக அளவில்! ஆயினும் தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் அம்மொழிபெயர்ப்பை ஏற்க மறுத்தார். பப்ரிசியஸின் சொற்களால் ஜெபித்து வளர்ந்த ஒரு சபை, அச்சொற்களைத் தன்னிடமிருந்து பிடுங்குவதாகவே அதைக் கண்டது. காரணம் எழுதிவிட்டால் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவ்விருவரும் எதைப்பற்றி மோதினார்கள் என்பதை நாம் நிதானமாகப் படித்து, இருவர் பக்கமும் சிறிது நியாயம் காண முடிகிறது. நம் பதினான்கு கோப்புகளில் ஓராண்டுக்கு முந்தைய காரணம்கூடக் கிடைக்கவில்லையே!

கிட்டில் 'பிராஞ்ச்' என்று ஒன்று உண்டு. கிளை என்று சொல்லலாம். மூலப் படியைத் தொடாமல் பக்கத்தில் ஒரு கிளை பிரித்து அதில் புதிதாக முயன்று பார்க்கலாம். நன்றாய் வந்தால் மூலத்தோடு இணைக்கலாம். இல்லையேல் கிளையாகவே இருக்கட்டும். தமிழ் வேதாகமத்திலும் அப்படியொரு கிளை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் ஒரு மொழிபெயர்ப்பு செய்தார். அதில் அவருக்கு உதவியவர் பிற்காலத்தில் சைவத்தின் பெருந்தூணாக விளங்கிய ஆறுமுக நாவலர். 1850-இல் சென்னையில் அச்சான அந்த மொழிபெயர்ப்பு பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்கப்படவில்லை. ஆனால் அது வீணாகவும் இல்லை. பவருடைய குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்த படிகளுள் அதுவும் ஒன்று.

இணைப்பது எப்போதும் சுலபமன்று. நம் மாவட்டத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழகத்தோடு இணைந்தோம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். 1954 ஆகஸ்டு 11-இல் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களின் வீட்டார்க்கு அது ஒரு வரியன்று. கிட்டில் இருவர் ஒரே வரியை வெவ்வேறாகத் திருத்தியிருந்தால், இணைக்கும்போது அது நின்றுவிடுகிறது. எது சரி என்று தானாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவர் எழுதியதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் நடுவிலும் ஏழேழு குறிகளால் வேலியிட்டு, மனிதரே முடிவு செய்யட்டும் என்று காத்திருக்கிறது. (ஏழு என்ற எண்ணைக் கண்டவுடன் எனக்கு ஒரு பிரசங்கம் தோன்றியது. அடக்கிக்கொண்டேன்.)

நம் புத்தகத்தில் அப்படி முதலில் நின்ற இடம், ஓலைக்கூரை ஆலயம் இருந்த இடத்தைப் பற்றிய பத்தி. குளத்தங்கரை என்று ஒரு குடும்பத்தார். இப்போதைய பள்ளிக்கூடத்தின் பின்புறம் என்று மற்றொரு குடும்பத்தார். முன்பாக இருந்திருந்தால், கடைசியாகக் கோப்பைத் திருத்தியவருடைய இடமே ஆலயத்தின் இடமாகியிருக்கும். இப்போது இரண்டு பத்திகளும் ஒரே திரையில் நின்றன. இரு வீட்டாரும் ஒரே மேசையில் அமர்ந்து படித்தார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு செய்திகளும் புத்தகத்தில் இடம்பெறுகின்றன, யார் யாரிடம் கேட்டது என்ற குறிப்போடு.

யார் எந்த வரியை எழுதினார் என்று காட்டுகிற கட்டளைக்கு கிட்டில் 'பிளேம்' என்று பெயர். பழி என்று பொருள். இப்பெயர் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். தம்பி சிரித்து, கிட்டுக்கு முந்தைய சப்வெர்ஷன் என்ற கருவியில் இதே கட்டளைக்கு 'பிரெய்ஸ்' என்றும் ஒரு பெயர் உண்டு என்று காட்டினார். ஒரே கட்டளை, பழி என்றும் கேட்கலாம், புகழ் என்றும் கேட்கலாம், வரும் விடை ஒன்றே. நம் குழுவினர் இப்போது அதைப் புகழ் என்றுதான் சொல்லுகிறார்கள். இந்தப் பத்தியை எழுதியது யார் என்று பார்த்து, அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பாராட்டியதும் நடந்திருக்கிறது.

ஒரு சந்தேகம் உங்களில் சிலருக்கு எழும். மன்னிக்கிற தேவன் நம் மீறுதல்களை நினையாமல் போடுகிறவர் அல்லவா, எல்லாவற்றையும் நினைவில் வைக்கிற கருவியை ஒரு போதகர் இவ்வளவு மெச்சலாமா? நானும் இதை யோசித்தேன். கையெழுத்துப் பிரதிக்கு நல்லதெல்லாம் கணவன் மனைவிக்கு நல்லதன்று. வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் 'லாக்' வைத்துக்கொண்டால் அந்த வீடு நிற்காது. ஆனால் வரலாறு எழுதுவது வேறு. மத்தேயு வம்ச வரலாற்றை எழுதும்போது, சாலொமோனின் தாயை உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே குறிக்கிறார். தாவீதுக்கு மன்னிப்பு கிடைத்தது. உரியாவின் பெயரும் தங்கியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கத் துணிந்த நூலைத்தான் நாம் வாசித்து வருகிறோம். கிட்டிலும் தவறான பதிவை மாற்ற 'ரிவர்ட்' என்ற வழி இருக்கிறது. அது பழைய பதிவை எடுத்துவிடுவதில்லை. அதன் விளைவை மாற்றுகிற புதிய பதிவு ஒன்றைச் சேர்க்கிறது. பழையதையே இல்லாமலாக்கும் வழிகளும் உண்டு. ஆயினும் பிறர் கையில் படி போய்ச் சேர்ந்தபின் அவற்றால் பெரும்பயன் இல்லை.

இதனால் ஓர் எச்சரிக்கையும் அவசியமாகிறது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கவனியுங்கள். கிட்ஹப் போன்ற பொதுத்தளத்தில் திறந்த நிலையில் வைத்த கோப்பில் ஒரு கடவுச்சொல்லோ கைபேசி எண்ணோ போய்விட்டால், மறுநாள் அதை நீக்கி இன்னொரு கமிட் செய்வதால் பயனில்லை; வரலாற்றைப் புரட்டுகிற எவருக்கும் அது கிடைக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும். இதனால்தான் குடும்பப் பதிவேட்டையும் காணிக்கைக் கணக்கையும் அதில் வைப்பதில்லை என்று முதல் நாளே குழுவில் முடிவெடுத்தோம். வரலாற்றுப் புத்தகம் மட்டும், அதுவும் குழுவினர் மட்டும் காணும்படி, இருக்கிறது.

சொந்தமாக முயல விரும்புகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வேர்டு கோப்பாக வைத்தால் எந்த வரி மாறியது என்பதை கிட் தெளிவாகக் காட்டாது. எளிய உரைக்கோப்பாக எழுதுங்கள். அச்சகத்தில் தட்டச்சு செய்த பழைய எழுத்துருக்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையேல் டிஃப் முழுவதும் பொருளற்ற எழுத்தாய்த் தெரியும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் கிட் அதைச் சாய்கோடும் எண்ணுமாகக் காட்டி உங்களைத் திகைக்க வைக்கும். 'கோர்.கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் தமிழ் தமிழாகத் தெரியும். கணினியில் எதையும் நிறுவாமல் இதன் சுவையை அறிய வேண்டுமானால், தமிழ் விக்கிப்பீடியாவில் நாகர்கோவில் கட்டுரையைத் திறந்து அதன் வரலாற்றுப் பகுதியை அழுத்திப் பாருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது வரிசையாக வரும்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆலய அரங்கில் தம்பி எல்லார்க்கும் கற்றுக்கொடுக்கிறார். மடிக்கணினி இல்லாதவர்களும் வரலாம்.

அந்த பைபிள் ஸ்திரீயைப் பற்றிய பத்தி மீண்டும் அதன் இடத்தில் இருக்கிறது. ஆறாவது கோப்பிலிருந்து அதை எடுத்துச் சேர்த்தவர் அவருடைய கொள்ளுப்பேத்தியே. காரணக் குறிப்பில் அவர் எழுதிய வாசகம் இது: "முன்பு இருந்தது. நீங்கிய காரணம் தெரியவில்லை. ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயர் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்தால் சேர்க்கவும்." உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில், வேதாகமத்தின் முன்தாளில், நிலப்பத்திரத்தில் அப்பெயர் எங்கேனும் இருக்கலாம். இருந்தால் சனிக்கிழமை எடுத்து வாருங்கள்.